கடல் கடக்கும் கைத்திறன்

யாழ்ப்பாணத்தவர் தொழில் நாடிக் கடல் கடந்தமை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1885 இல் தைப்பிங்குக்கும் போட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிலே புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் நம்மவர் பெருந்தொகையினராய் அமர்ந்தனர். ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் வல்லார் அங்கு அருகியிருந்தனர்; யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளோ அத்தகையோரை உருவாக்கின. தேவையும் தகுதியும் பொருந்திய இடத்திலே கதவு திறந்தது. இவ்வுண்மை இன்றும் மாறவில்லை. வேண்டப்படும் தகுதியே மாறியுள்ளது.

இன்று உலகம் வேண்டி நிற்பது யாரை? முதியோர் பெருகிய யப்பான், முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டடத் தொழில் முதலியவற்றுக்கெனத் தனி விசா முறையொன்றை 2019 ஏப்ரலில் தொடங்கிற்று. அதற்கு யப்பானிய மொழித் தேர்விலும் தொழில் தேர்விலும் சித்தியெய்தல் வேண்டும். கொரியா 2004 முதல் அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின் வழியே மொழித் தேர்வு நடத்தி ஆட்களைத் தெரிகின்றது. இதில் தனியார் தரகருக்கு இடமே இல்லை. ஜேர்மனி 2020 இலும் 2023 இலும் தன் குடிவரவுச் சட்டத்தைத் தளர்த்தித் தாதியர்க்கும் தொழில்வினைஞர்க்கும் வழி திறந்துள்ளது. இவை அனைத்திலும் முன்னிற்பன இரண்டு: ஒன்று கைத்திறன், மற்றொன்று அந்நாட்டு மொழி.

நாமோ இன்னும், கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் பழமொழியை விட்டோமில்லை. உயர்தரத்திற் சித்தியெய்தியோர் பெரும்பாலோர்க்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிட்டுவதில்லை. அவருட் பலர், மேசையும் நாற்காலியும் உள்ள உத்தியோகத்தை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்கின்றனர். மின்னிணைப்பும் குழாய் பொருத்தலும் கற்பது படிப்பில் தோற்றவனுக்குரியது என்ற எண்ணம் பெற்றோரிடத்து மட்டுமன்று, ஆசிரியராகிய எம்மிடத்தும் உண்டு. இவ்வெண்ணம் நீங்கவேண்டும். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இழிவான கடதாசியன்று. பட்டறையிலே தந்தையிடம் தொழில் பயின்றவனும் தன் திறனைச் சோதனைக்கு உட்படுத்தி அதனைப் பெறலாம்.

முறையான வழி அறியாதார் தரகர் கையிற் சிக்குகின்றனர். 2022 நவம்பரில் கனடா நோக்கிப் புறப்பட்ட 303 இலங்கையர் தத்தளிக்கும் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர். கணினி வேலை என நம்பிச் சென்ற இளைஞர் 2024 இல் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். காணியை ஈடு வைத்துப் பணம் கொடுக்குமுன், அம்முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உடையவரா என ஒருமுறை விசாரித்தல் அத்துணை அரிதோ?

திறமையாளர் யாவரும் போய்விட்டால் நாடு என்னாகும் என்பர் சிலர். அவ்வச்சம் நியாயமானதே. 2022 இன் நெருக்கடியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளியேறினர். வைத்தியர் குறைந்த ஆஸ்பத்திரிகளை யாம் கண்டோம். எனினும் பசித்தவனைத் தடுத்து நிறுத்துதல் தேசபக்தியாகாது. செல்பவன் ஏமாறாது செல்லவும், திறன் பெற்றவனாய்த் திரும்பவும் துணைசெய்தலே நம்மால் இயல்வது.

பழைய மாணவர்காள்! உலகின் பல நகரங்களில் நீவிர் வாழ்கின்றீர். கட்டடத்துக்கு நன்கொடை அனுப்புகின்றீர், அது போற்றற்குரியது. அதனோடு, நும் நாட்டிலே எத்தொழிலுக்கு ஆள் வேண்டும், எச்சான்றிதழை ஏற்பர், மொழி எவ்வளவு அறிதல் வேண்டும் என்பவற்றை ஆண்டுதோறும் ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். அக்கடிதத்தை வகுப்பறையில் வாசித்துக் காட்டுதல் எம் பொறுப்பு. மண்டபத்தினும் அது நெடுநாள் நிற்கும்.