அளப்போரும் அளக்கப்பட்டோரும்: அபிஸ்கோ துருவப் பள்ளி எழுப்பும் கேள்வி

ஸ்வீடனின் வடகோடியில், துருவ வட்டத்திற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ள சிற்றூர் அபிஸ்கோ. இங்குள்ள ஆய்வு நிலையத்தில் 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரல் மாதங்களில் துருவ முன்கணிப்புப் பள்ளி நடைபெற்றது. கோடைப் பள்ளி என்னும் வகையைச் சேர்ந்ததாயினும், அது கூடியது உறைபனியின் நடுவே. உலக வானிலை அமைப்பின் துருவ முன்கணிப்புத் திட்டமும் இளம் துருவ அறிவியலாளர் சங்கமும் பிற நிறுவனங்களும் இணைந்து இதை நடத்தின. பல நாட்டு இளம் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து நாட்கள் ஒன்றாகத் தங்கி, விரிவுரை கேட்டனர். கணினி மாதிரிகளில் பயிற்சி பெற்றனர். பனிவெளியில் கருவிகளை நிறுவி அளவெடுத்தனர்.

இத்தகைய பள்ளி தேவையா என்பது நம் கேள்வியன்று. 1979க்குப் பின் வடதுருவப் பகுதி உலக சராசரியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. அபிஸ்கோவிலேயே 1913 முதல் 2006 வரை ஆண்டுச் சராசரி வெப்பநிலை 2.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. இதை அளந்து முன்னறிவிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்த அளவுகோல் யாருடைய நிலத்தில், யாருடைய ஒப்புதலுடன், யாருடைய தேவைக்காக ஊன்றப்படுகிறது என்பதே நம் கேள்வி.

அபிஸ்கோ, சாமி பழங்குடி மக்களின் தாயகத்தில் உள்ளது. கிருணாவின் இரும்புத் தாதுவை நார்வேயின் நார்விக் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. அந்தப் பாதையை ஒட்டியே அறிவியல் நிலையமும் வந்து சேர்ந்தது. 1922இல் உப்சாலாவில் அரசு இனஉயிரியல் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்வீடன், ஹெர்மன் லுண்ட்போர்க் தலைமையில் சாமி மக்களின் மண்டையோடுகளை அளந்து, அவர்களைத் தாழ்ந்தோராக வகைப்படுத்தியது. அறிவியல் என்னும் சொல் அம்மக்களின் நினைவில் இந்த அளவுநாடாவையும் சேர்த்தே சுமக்கிறது. உடல்களை அளந்து மனிதரைத் தரம்பிரித்த வரலாற்றை அறிந்த நமக்கு, அந்த நினைவின் எடையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சட்டம் தாமதமாகவேனும் நகர்ந்திருக்கிறது. 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவு, தம் மரபறிவையும் அறிவியலையும் பேணவும் கட்டுப்படுத்தவும் அம்மக்களுக்கு உள்ள உரிமையை ஏற்கிறது. அவர்தம் நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களுக்குத் தடையற்ற, முன்கூட்டிய, தகவலறிந்த ஒப்புதல் பெற அரசுகள் முயல வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. 2020 ஜனவரியில் ஸ்வீடன் உச்ச நீதிமன்றம், தன் பகுதியில் வேட்டை, மீன்பிடி உரிமங்களை வழங்கும் அதிகாரம் கிர்யாஸ் என்ற சாமி சமூகத்திற்கே உரியது, அரசுக்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. நெடுங்கால அனுபவத்தால் நிலைபெற்ற உரிமை என்பதே அதன் அடிப்படை. எனினும், பழங்குடிகள் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை ஸ்வீடன் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

ஒப்புதலைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதை அபிஸ்கோவுக்கு அருகிலுள்ள கிருணாவே காட்டியது. சூரிய ஒளியைத் திருப்பியனுப்பிப் புவியைக் குளிர்விக்க முடியுமா என ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத் திட்டம், 2021இல் அங்கிருந்து பலூன் ஒன்றைப் பறக்கவிட எண்ணியிருந்தது. துகள் எதையும் தூவாமல், கருவிகளைச் சோதிப்பது மட்டுமே அப்போதைய நோக்கம். தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை எனச் சாமி மன்றமும், ஸ்வீடனின் சூழல் அமைப்புகளும் எதிர்த்தன. சோதனை நின்றது, 2024இல் திட்டமே கைவிடப்பட்டது.

மேகத்தின் இயற்பியலுக்கு ஒப்புதல் எதற்கு, பத்து நாள் பள்ளியில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். மேகம் ஒப்புதல் கேட்காது. ஆனால் எதை முன்கணிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது இயற்பியல் அல்ல. குளிர்காலத்தில் பனிமீது மழை பெய்து உறைந்தால், கடும் பனிக்கட்டி அடுக்கு உருவாகிறது. அதை உடைத்து அடியிலுள்ள லைக்கன்களை மேய முடியாமல் பனிமான்கள் பட்டினியால் மடிகின்றன. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் பெய்த மழைக்குப் பின் 61,000 பனிமான்கள் இறந்தன. நேனெத்ஸ் மேய்ப்பர் குடும்பங்கள் வாழ்வாதாரம் இழந்தன. கப்பல் நிறுவனத்திற்கு வேண்டியது கடற்பனியின் பரப்பு. மேய்ப்பருக்கு வேண்டியது பனிக்குள் கட்டி எந்த ஆழத்தில் உறையும் என்ற செய்தி. எந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடுவது என்பது அதிகாரத்தின் கேள்வி.

ஆகவே, துருவப் பள்ளிகளை நடத்துவோர் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த இளையோருக்கு மாணவர் இடங்களும் முழு நிதியுதவியும் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, மேய்ப்பர்கள் ஒருநாள் விருந்தினராக அன்றி, ஊதியம் பெறும் ஆசிரியராக அழைக்கப்பட வேண்டும். மூன்றாவது, கருவியை இயக்கக் கற்பிப்பதற்கு முன், ஒப்புதல் கோரவும் மறுப்பை ஏற்கவும் கற்பிக்க வேண்டும்.

நாளை ஆய்வுத் திட்டங்களை வகுக்கப்போவோர் இன்று அந்த வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளையோரே. பணி வாழ்வின் தொடக்கத்தில் கற்காத மரியாதையைப் பின்னாளில் நீதிமன்றத் தீர்ப்புகளே கற்பிக்க நேரிடும். அதற்கு ஆகும் காலமும் செலவும் எப்போதும் அளக்கப்பட்டோரின் தலையிலேயே விழுகின்றன.