பியர் காய்ச்சுற இடத்துக்குப் பிள்ளைகளோடு

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பியர் காய்ச்சுற இடத்துக்குப் போகலாமா? கோடை விடுமுறைக்கு மோட்டர்ஹோம் எடுத்துக்கொண்டு பவேரியாவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரரில் பாதிப் பேர் கேட்டது இதுதான். மற்றப் பாதிப் பேர், "அதுக்குள்ள டொய்லெட் இருக்கோ?" என்று கேட்டார்கள். இரண்டாவதுக்குப் பதில் சுலபம்: இருக்கிறது, அதைக் கொண்டுபோய் ஊற்றுற வேலையும் இருக்கிறது. முதல் கேள்விக்குத்தான் இந்த மாதப் பத்தி.

முதலில் வண்டி. இங்கே ஜேர்மனியில் அதை வோன்மொபில் என்பார்கள். 3.5 தொன்னுக்குள் என்றால் சாதாரணக் கார் லைசென்சே போதும். ஆனால் அந்த 3.5 தொன்னுக்குள் ஆட்கள், தண்ணி, காஸ், சைக்கிள், அரிசி எல்லாம் அடங்க வேண்டும். நாங்கள் எடுத்த வண்டியில் ஏற்றக்கூடியது 500 கிலோவுக்கும் குறைவு. எக்ஸலில் போட்டுப் பார்த்தேன். தண்ணித் தொட்டி மட்டும் நிரம்பினால் 100 கிலோ. அதனால் கால்வாசித் தண்ணியோடு வெளிக்கிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பினோம். இன்னொன்று: எத்தனை கட்டில் என்று பார்த்து வாடகைக்கு எடுக்காதீர்கள், எத்தனை சீற் பெல்ட் என்று பாருங்கள். ஓடும்போது ஆளுக்கொரு பெல்ட் கட்டாயம். 12 வயதுக்கும் 150 சென்ரிமீற்றருக்கும் உட்பட்ட பிள்ளைக்கு அதற்குரிய இருக்கையும் வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், என்னுடைய அப்பா. போன இடம் பவேரியாவின் வடக்கே இருக்கும் ஃபிராங்கன். சின்னச் சின்னக் குடும்ப பிரூவரிகளுக்குப் பெயர்போன பகுதி. அங்கே ஔஃப்செஸ் என்று ஒரு ஊர். மொத்தம் 1,500 பேர்கூட இல்லை. நாலு பிரூவரிகள் இருந்ததால் 2001இல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. நாலையும் சுற்றி வர சுமார் 14 கிலோமீற்றர் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பல பிரூவரிகள் மோட்டர்ஹோம்காரருக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கும். சாப்பிட்டுவிட்டு இரவு அங்கேயே நிற்கலாம், குடித்துவிட்டு யாரும் வண்டி எடுக்கத் தேவையில்லை.

எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கிற இன்னொரு வழக்கமும் இங்கே உண்டு. பவேரிய பியர்த் தோட்டங்களுக்குச் சாப்பாட்டை நாங்களே கொண்டுபோகலாம், குடிக்கிறதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். 1812இல் அரசர் முதலாம் மக்ஸ் யோசெப், பியர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறையடியில் பியரும் பாணும் விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டதிலிருந்து வந்த பழக்கம் அது. அந்த உத்தரவின் புண்ணியத்தில் மரநிழலில் நீட்டு வாங்கில் இருந்து ரோல்சும் கட்லட்டும் பிரித்துச் சாப்பிட்டோம். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்ததால் அவர்களுக்கும் இரண்டு ரோல்ஸ் போனது.

இனி பிரூவரி. நாங்கள் போன சின்ன இடத்தில் வீட்டுக்கார அம்மாவே சுற்றிக் காட்டினார். பார்லியை ஊறவைத்து, முளைக்க விட்டு, காய வைத்தால் மால்ட். பிள்ளைகளின் கையில் ஒரு பிடி போட்டார், மென்று பார்த்தார்கள். மகனுக்கு அம்மம்மா செய்யும் சத்துமா ஞாபகம் வந்தது. முளைத்த தானியம்தானே, அவன் நாக்கு சரியாகத்தான் சொன்னது. மால்ட்டை இடித்து 60, 70 பாகைச் சுடுதண்ணியில் வைத்தால் மாச்சத்து சீனியாகிறது. வடித்து, ஹொப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போடுகிறார்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று மதுவும் வாயுவும் ஆக்குகிறது. 1516இல் இங்கொல்ஸ்டாட்டில் போட்ட பியர்ச் சட்டத்தில் பார்லி, ஹொப்ஸ், தண்ணி என்று மூன்றுதான் எழுதியிருந்தது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை.

அந்த இடத்தில் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது எங்கட பனைக் கதைதான். முட்டியில சுண்ணாம்பு பூசினா கருப்பணி, பூசாட்டி கள்ளு. ஊரில அப்பமாவுக்குக் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைக்கிறது" என்றார். நான் டொச்சில் மொழிபெயர்க்க, வீட்டுக்கார அம்மா சுண்ணாம்பைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டார். சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது என்பது அவருக்குப் புதுசு.

வெளியே வந்து உட்கார்ந்தோம். கணவருக்கு ஒரு பியர், பிள்ளைகளுக்கு அப்பிள் ஜூஸ், அப்பாவுக்குத் தேத்தண்ணி. அப்போதுதான் மகள் கேட்டாள்: "அம்மப்பா, நீங்க ஏன் குடிக்கிறேல்ல?"

வழக்கமாக அப்பா, "பழக்கமில்லை பிள்ளை" என்று முடித்துவிடுவார். அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

"என்ர தம்பி ஒருத்தன் இருந்தவன், உங்கட அம்மாக்குச் சித்தப்பா. கேம்பில இருக்கேக்க எங்களை வேலை செய்ய விடேல்ல. விடிஞ்சாலும் பொழுதுபட்டாலும் ஒரே அறை. அப்பதான் துவங்கினவன். பிறகு வேலை கிடைச்சும் நிப்பாட்டேல்ல. நாப்பத்தொரு வயசில போயிட்டான். மஞ்சள் காமாலை எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனாங்கள். குடியால ஈரல் பழுதாப் போனது."

"அப்ப பியர் கெட்டதா?" என்றான் மகன்.

"நல்லதெண்டு சொல்ல மாட்டன். சில பேரால நிப்பாட்ட ஏலாது. ஆர் அந்த ஆள் எண்டு முதலே ஒருத்தருக்கும் தெரியாது."

மகள் என்னைப் பார்த்து டொச்சில் கேட்டாள், இது குடும்பத்தில் வருகிறதா என்று. உள்ளதைச் சொன்னேன். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து மற்றவர்களைவிடக் கூட, ஆனால் கட்டாயம் வரும் என்றில்லை, தெரிந்து வைத்திருப்பது நல்லது. தலையாட்டினாள். பிறகு சித்தப்பாவின் பெயர் என்ன, அவருக்குப் பாட்டுப் பிடிக்குமா என்று அம்மப்பாவைக் கேட்கத் துவங்கிவிட்டாள். அப்பா ஒரு மணித்தியாலம் கதைத்தார். தம்பியைப் பற்றி அவர் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை.

இது எனக்கு ஏன் அவசரம் என்றால், ஜேர்மனியில் 16 வயதில் பியர் வாங்கலாம். நாங்கள் போனபோது இருந்த சட்டப்படி, பெற்றோர் பக்கத்தில் இருந்து சம்மதித்தால் 14 வயதிலேயே உணவகத்தில் குடிக்கலாம். மகளுக்கு அது அடுத்த வருடம். வகுப்பில் ஒரு பிள்ளை முதலில் கதைக்கும். அதற்கு முன்னால் நாங்கள் கதைத்திருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் போத்தல் காரின் டிக்கியில் இருக்கும், கதை ஆம்பிளைகளின் அறையில் இருக்கும், பிள்ளைகளுக்கு வாசனை மட்டும் வரும். அதைவிட, எப்படிச் செய்கிறார்கள் என்று பட்டப்பகலில் காட்டிவிட்டுக் கதைப்பது எவ்வளவோ சுலபம்.

போக நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டு மூன்று விதிகள். ஒன்று, இரவு நிற்கும் இடத்திலும் ஒரு பெரியவர் துளியும் குடிக்கக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி எடுக்க ஆள் வேண்டும். இந்தமுறை அது நான்.

இரண்டு, கணக்கைப் பிள்ளைகளுக்கு முன்னால் போடுங்கள். அரை லீற்றர் பியரில் சுமார் 20 கிராம் மது. இரத்தத்தில் ஏறியது மணிக்கு 0.1, 0.15 புரோமில் அளவில்தான் இறங்கும். கோப்பி குடித்தால் அது வேகமாக இறங்காது. இங்கே சட்ட எல்லை 0.5, புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கும் 21 வயதுக்குட்பட்டவருக்கும் பூச்சியம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்று, முடிந்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சீற் பெல்ட் கூட வேண்டும், அரிசியில் 5 கிலோ குறைக்க வேண்டிவரும். பரவாயில்லை, குறையுங்கள்.