நீதிபதிக்கும் வாக்குப் போடலாமா?

மெக்சிக்கோ மக்கள் 2025 ஜூன் முதலாம் திகதி வாக்களித்து நீதிபதிகளைத் தெரிவு செய்தார்கள். வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு 13 பேரளவில்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மேன்முறையீட்டு நீதிபதிகளும் தேர்தலில் நின்றே பதவிக்கு வருகிறார்கள். பத்தாம் தரத்துக்குக் குடியியற் கல்வி படிப்பிக்கும்போது மாணவர்கள் என்னிடம் கேட்பதும் இதுதான்: பிரதேச சபைக்கு வாக்களிக்கிறோம், நீதிபதிக்கு ஏன் இல்லை?

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத் தீர்ப்பில் திருப்தியில்லாத நெடுந்தீவுவாசி, குறிகட்டுவானுக்குப் படகேறி யாழ்ப்பாணம் போய் மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன்னர் கொழும்புக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே விசாரிக்கும் நீதிபதி எப்படி வருகிறார்? நீதிச்சேவை ஆணைக்குழுவின் சிபாரிசில் ஜனாதிபதி நியமிக்கிறார். மாகாணத்துக்கு அவரைப் பெயர் குறிப்பவர் பிரதம நீதியரசர். சிபாரிசுக்கு முன் சட்டமா அதிபரிடம் ஆலோசிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. குற்றவியல் மேன்முறையீடுகளில் அரச தரப்பில் நிற்பவரும் அதே சட்டமா அதிபர்தான். இது சரியா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

அதற்காகத் தேர்தல்தான் வழி என்று எனக்குத் தோன்றவில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களில் கணிசமானோர் இன்றும் புத்தளத்தில் வாழ்கிறார்கள். வடக்கில் நீதிபதித் தேர்தல் வந்தால் அவர்களது காணி வழக்கு இங்கேயும் வாக்கு அங்கேயும் இருக்கும். தேசிய மட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். 2020இல் கொவிட் ஜனாஸாக்களை எரித்த நாட்களில் மேடையேறி வாக்குக் கேட்கும் எந்த நீதியரசர், அடக்கம் செய்ய இடம் தருவேன் என்று சொல்லியிருப்பார்?

நியமிக்கப்பட்ட நீதியரசர்கள் மட்டும் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எரிப்புக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால், காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. அதே நீதிமன்றம்தான் 2018 டிசம்பர் 13ஆம் திகதி, ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. மறுதேர்தலை எதிர்பார்த்திருக்கும் நீதியரசர்களுக்கு அந்தத் துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வாக்கை அல்ல, காரணத்தை. 21ஆவது திருத்தத்தின்படி உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை. அதன் 10 பேரில் 7 பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள், நம் வாக்கால் போனவர்கள். ஒரு பெயரை ஏன் ஏற்றார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதை அவர்கள் எழுத்தில் வெளியிடட்டும். யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்கு வரும் நீதிபதியின் பெயரோ அந்தப் பேரவைக்கே போவதில்லை. புதிய அரசியலமைப்புப் பற்றி அடுத்த முறை பேச்சு எழும்போது, அந்தப் பெயரையும் பேரவைக்கு அனுப்பவும், சட்டமா அதிபரிடம் ஆலோசிக்கும் நிபந்தனையை நீக்கவும் நமது கட்சிகள் எழுத்தில் கேட்க வேண்டும்.