உறுப்பினருக்குச் சுகயீனம், பதில் கடமைக்கு யார்?

2023ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், காணிப் பிரச்சினை ஒன்றைப் பற்றி எழுதுவதற்காகத் திருகோணமலை மாவட்டக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். போரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தும் தன் காணியின் ஒரு பகுதிக்குள் கால் வைக்க முடியாதிருந்த ஓர் அம்மா, பொலித்தீன் பைக்குள் இருந்த கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு என்று எல்லா இடத்துக்கும் எழுதியிருந்தார்.

"எம்.பி.க்குக் குடுக்கேல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"ஐயாவுக்கு ஏலாது தம்பி. இந்த வயசில அவரை என்னெண்டு கரைச்சல் படுத்துறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வேற ஆரிட்டக் குடுக்கிறது எண்டும் தெரியேல்ல" என்றார்.

அந்த அம்மாவிடம் இரக்கமும் இருந்தது, கேள்வியும் இருந்தது. அந்த நாட்களில் நம் அரசியலில் நடந்த விவாதத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை.

2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் ஒன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. அதற்குத் தெரிவானவர் இரா. சம்பந்தன். அப்போது அவருக்கு வயது 87. மாவட்டத்தின் ஒரே தமிழ் உறுப்பினரும் அவரே. 2023 ஒக்டோபரில் அவரது கட்சியைச் சேர்ந்த எம்.ஏ. சுமந்திரன், சம்பந்தனால் சுகயீனம் காரணமாக இயங்க முடியவில்லை, திருகோணமலை மக்கள் பிரதிநிதித்துவம் இல்லாமல் இருக்கிறார்கள், அவர் பதவி விலக வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். சம்பந்தன் விலகவில்லை. 2024 ஜூன் 30ஆம் திகதி கொழும்பில் தனது 91ஆவது வயதில் காலமாகும் வரை அவர் உறுப்பினராகவே இருந்தார்.

சுமந்திரன் சொன்னதும் இரண்டு அணிகள் உருவாகின. ஒரு பகுதியினர் மூத்த தலைவரை அவமதித்துவிட்டார்கள் என்றனர். மறு பகுதியினர் நாற்காலியை விட மனமில்லை என்றனர். தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு 2024 ஜனவரியில் நடக்கவிருந்ததால், எல்லாமே அந்தப் போட்டியின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கப்பட்டது. யார் சரி, யார் துரோகி என்று பேசி முடித்தபோது, ஓர் உறுப்பினர் நோயுற்றால் அவரைத் தெரிவு செய்த மக்களின் வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வி பதில் இல்லாமலே போய்விட்டது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நோய் குற்றமல்ல, உடல் இயலாமை தகுதிக் குறைவும் அல்ல. உடம்புக்குள் ஷெல் துண்டுகளோடு வயலுக்கும் கடலுக்கும் பாடசாலைக்கும் போகிற மனிதர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் நாடாளுமன்றத்துக்குச் சரிவரமாட்டார் என்று ஒரு சமூகம் சொல்லலாம், நாம் சொல்ல முடியாது. சுகயீன விடுமுறை ஓர் உரிமை, அது உறுப்பினருக்கும் உண்டு. வேறெந்தத் தொழிலிலும் அந்த விடுமுறையோடு இன்னோர் ஏற்பாடும் வருகிறது என்பதுதான் என் வாதம்.

கிராம அலுவலர் சுகயீன விடுமுறையில் போனால் பக்கத்துப் பிரிவு அலுவலர் பதில் கடமை பார்ப்பார். அதிபருக்குப் பதில் அதிபர் வருவார். அமைச்சர் வெளிநாடு போனால் பதில் அமைச்சர் சத்தியப்பிரமாணம் செய்யும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். ஜனாதிபதியே சுகயீனமுற்றால் தனது பணிகளைப் பிரதமரிடம் ஒப்படைக்க அரசியலமைப்பின் 37ஆவது உறுப்புரை இடமளிக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு மட்டும் பதில் கடமை என்று ஒன்று இல்லை.

66ஆவது உறுப்புரையில் இருப்பது வேறு. நாடாளுமன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறாமல் தொடர்ச்சியாக மூன்று மாதங்கள் அமர்வுகளுக்குச் சமூகமளிக்காத உறுப்பினரின் ஆசனம் வெற்றிடமாகும். அனுமதி கிடைத்தால் ஆசனம் காப்பாற்றப்படும். இந்த ஏற்பாடு முழுவதும் உறுப்பினருக்கும் சபைக்கும் இடையிலானது. வாக்களித்தவர்களுக்கு யாரும் எதையும் அறிவிக்கத் தேவையில்லை.

இந்த விதியின் வரலாற்றைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 1983இல் ஆறாவது திருத்தமும் கறுப்பு ஜூலையும் வந்த காலத்தில் நாடாளுமன்றத்தைப் பகிஷ்கரித்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள், மூன்று மாதங்கள் சமூகமளிக்காததால் ஆசனங்களை இழந்தார்கள். 1977இல் முதன்முதலாகத் திருகோணமலையில் தெரிவான சம்பந்தனும் அவர்களில் ஒருவர். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சுற்றிவளைப்புகளும் கைதுகளும் இடம்பெயர்வுகளும் நடந்தபோது, அவர்களுக்கு வாக்களித்த மக்களுக்காகச் சபையில் எழுந்து பேச அவர்கள் தெரிவு செய்தவர் யாரும் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்துக்கு அரசியல் காரணம் இருந்தது. ஆனால் வெற்று ஆசனம் என்றால் என்ன என்று அனுபவித்த சமூகம் நாம்.

இன்னொன்றும் அதே வாழ்க்கையில் இருக்கிறது. 1994 தேர்தலில் சம்பந்தன் வெல்லவில்லை. 1997 ஜூலையில் அ. தங்கத்துரை படுகொலை செய்யப்பட்டபோது, அதே பட்டியலில் அடுத்த நிலையில் இருந்தவர் என்ற வகையிலேயே அவர் மீண்டும் சபைக்குள் வந்தார். விருப்பு வாக்கு முறையில் ஓர் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் இல்லை. கட்சி ஆசனத்தை இழப்பதும் இல்லை. பட்டியலில் அடுத்தவர் வருவார். 2024 ஜூலையில் சண்முகம் குகதாசன் வந்ததும் இப்படித்தான். அதே ஆண்டு செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆக, அந்தப் பதவிக் காலத்தில் அவருக்குக் கிடைத்தது மூன்று மாதங்களுக்கும் குறைவு.

ஆசனம் பெயரளவில் இருந்து ஆள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? சபை வாக்கெடுப்பை மட்டும் பார்த்தால் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்று வாதிடலாம். 225 பேரில் ஒரு வாக்கு எதையும் மாற்றாது. ஆனால் உறுப்பினரின் வேலையில் பெரும்பகுதி வாக்கெடுப்பு மண்டபத்துக்கு வெளியில் இருக்கிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் தொல்லியல், வனவளத் திணைக்கள அதிகாரிகளின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்பது உறுப்பினர். எல்லைக்கல் நடப்படும் காணிக்கு அன்றைக்கே போய் நிற்பதும், பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பதும் அவரே. 2022 ஜனவரியில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. குச்சவெளிப் பக்கம் விகாரைகளின் பெயராலும் தொல்லியலின் பெயராலும் காணிகள் போய்க்கொண்டிருந்தன. 2023 செப்டெம்பர் 17இல் திலீபன் நினைவு ஊர்தி சர்தாபுரவில் தாக்கப்பட்டபோது, அடி வாங்கியவர் வேறு கட்சியின் தேசியப் பட்டியல் உறுப்பினரான செல்வராசா கஜேந்திரன். வெளி மாவட்டத்தவர்கள் வந்து குரல் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வந்தவர்கள் மாலையில் திரும்பிவிடுவார்கள். அந்த அம்மாவின் கடிதப் பையை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அதே 2023இல் அமெரிக்க செனட்டில் இரண்டு விதமான சுகயீன விடுமுறைகளைப் பார்த்தோம். பென்சில்வேனியாவின் ஜோன் ஃபெட்டர்மன் மன அழுத்த நோய்க்காகப் பெப்ரவரியில் வைத்தியசாலையில் சேர்ந்தார். என்ன நோய் என்பதை அலுவலகம் மறுநாளே அறிவித்தது. அலுவலகப் பணிகள் தொடர்ந்தன. ஏப்ரல் நடுப்பகுதியில் அவர் திரும்பி வந்தார். கலிபோர்னியாவின் டயான் ஃபைன்ஸ்டைன் அதே பெப்ரவரியிலிருந்து மே வரை வராதபோது, நீதித்துறைக் குழுவில் நீதிபதி நியமனங்கள் தேங்கின. அவருக்குத் தற்காலிக மாற்று வைக்க எடுத்த முயற்சியையும் எதிர்க்கட்சி தடுத்தது. செப்டெம்பரில் 90ஆவது வயதில் பதவியில் இருந்தபடியே காலமானார். பிரித்தானியாவில் ஸ்டெல்லா கிரீசி 2019இல் பிரசவ விடுமுறையில் போனபோது தொகுதி மக்களின் வேலைகளைப் பார்க்கப் பதிலாள் ஒருவர் நியமிக்கப்பட்டார். நீண்டகால நோயாளிகளான உறுப்பினர்கள் இன்னொருவர் மூலம் வாக்களிக்கும் முறையை அங்கே 2022இல் பரீட்சித்தார்கள்.

மறைப்பதால் என்ன ஆகும் என்பதை 2016இல் தமிழ்நாடு காட்டியது. ஜெயலலிதா வைத்தியசாலையில் இருந்த 75 நாட்களில், அவரது இலாகாக்களைப் பன்னீர்செல்வத்திடம் கொடுக்கவே ஏறத்தாழ மூன்று வாரங்கள் எடுத்தது. எந்த நிலையில் இருக்கிறார் என்பது கடைசிவரை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவர் இறந்த பிறகு விசாரணை ஆணையம் வைக்க வேண்டி வந்தது.

நமக்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்சிகள் நினைத்தால் நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. உறுப்பினர் ஒரு மாதத்துக்கு மேல் இயங்க முடியாவிட்டால் அதை மாவட்ட மக்களுக்கு அறிவிக்க வேண்டும். நோயின் விபரம் அவருடைய அந்தரங்கம். எவ்வளவு காலம், இடையில் யாரிடம் போவது என்பவை மக்களுக்குரியவை. மாவட்டத்திலுள்ள அலுவலகம் திறந்திருக்க வேண்டும், வாங்கும் கடிதத்துக்குப் பதிவும் பதிலும் இருக்க வேண்டும். கூட்டங்களுக்கும் களத்துக்கும் போக ஒருவரைக் கட்சி பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். குறித்த காலத்துக்கு மேல் திரும்ப முடியாது என்று வைத்தியர்கள் சொன்னால் ஆசனம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்பதை வேட்புமனுவுக்கு முன்னரே கட்சி எழுத்தில் வைத்துக்கொண்டால், பிறகு எந்த மூத்தவரையும் தொலைக்காட்சியில் வைத்து விலகச் சொல்லும் நிலை வராது. அவருக்குரிய மரியாதையும் காப்பாற்றப்படும்.

சம்பந்தன் ஐயாவை விலகச் சொல்வது மரியாதையா, அவமரியாதையா என்று பல மாதங்கள் வாதிட்டோம். ஆனால் அவர் படுக்கையில் இருந்தபோது அவருக்கு வாக்களித்தவர்களின் வேலைகளைப் பொறுப்பேற்பதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் இளையவரோ முதியவரோ, அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "உங்களுக்கு ஏலாமல் போனால் நாங்கள் ஆரிட்ட வாறது?" இது யாரையும் சபிக்கிற கேள்வி இல்லை. அந்த அம்மா கூச்சத்தில் கேட்காமல் விட்ட கேள்விதான்.