ஸ்கேனில் தெரியாத வலி

எங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களில் தீராத வயிற்றுவலிக்கு இரண்டே தீர்ப்புதான். ஒன்று வாய்வு, மற்றது மனசு. பொன்னேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறி அலைந்து, ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுத்து, 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் போதும். "உனக்கு ஒண்ணும் இல்லையாம், சும்மா கிட" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். வலி உள்ளவரைவிடப் பெரிய பொய்யர் ஊரில் இல்லை என்றாகிவிடும். இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்கேன் காட்டுவது உறுப்பின் உருவத்தை. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டாது. குடல் சுவர் முழுக்க உணர்வு நரம்புகள் உண்டு. குடல் விரிவதையும் இழுபடுவதையும் அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவைதான்.

அந்த நரம்புகள் கூச்சம் மிகுந்து போனால், மற்றவருக்குத் தெரியாத கொஞ்சம் காற்றுகூட இவருக்குக் கத்தியால் குத்துவதுபோல் இருக்கும். இது கற்பனை அல்ல. குடலுக்குள் சிறு பலூனை விட்டு ஊதிப் பார்த்த ஆய்வில், 'ஐ.பி.எஸ்.' என்னும் இந்தக் குடல் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வலித்தது. 1973-லேயே இதைக் கண்டிருக்கிறார்கள்.

நம் மீன் குழம்புக் காரத்துக்கும் இதில் பங்குண்டு. மிளகாய் எரிவது சுவையால் அல்ல. சூட்டை உணரும் நரம்பு வாயில் தூண்டப்படுவதால். அந்த உணர்வியை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே உணர்வி குடல் நரம்பிலும் இருக்கிறது.

கடுமையான வயிற்றுப்போக்கு வந்து குணமானவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு தொடர்கிறது. திருடன் வந்துபோன வீட்டு நாய் இலை அசைந்தாலும் குரைக்கும் அல்லவா, அப்படித்தான். கவலையும் தூக்கக்கேடும் அதை இன்னும் கூட்டும். அதற்காக வலியே மனசில்தான் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நரம்பை அடக்க, மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையையே சிறு அளவில் டாக்டர் எழுதுவதுண்டு. "இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை" என்று யாரோ சொல்ல, அதை வீசிவிடுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அமிட்ரிப்டிலின் சிறு அளவில் எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் தொல்லை கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நம் வயதில் அது மயக்கம், சிறுநீர்த் தடை எல்லாம் தரலாம். டாக்டர் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக் கூடாது.

ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, மலத்தில் ரத்தம், உடல் மெலிவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி – இவற்றை நரம்புக் கூச்சம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு மருமகளோ மகனோ ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "நடிக்காதே" என்று சொல்லாதீர்கள். எப்போது வலிக்கிறது, என்ன சாப்பிட்டபோது வலிக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி, அடுத்தமுறை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.