திறந்த கதவு யாருக்கு?

மேடைதோறும் ஒரு பேச்சு கேட்கிறோம். வெள்ளையர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் சமயத்தின் மேன்மையை நூலாக எழுதினர் என்பர், கூட்டம் கைதட்டும். அந்நூலைக் கண்ணாற் கண்டவர் யார் என்று வினவினால் மேடை மௌனம் சாதிக்கும்!

அத்தகைய நூல் ஒன்றைப் பார்ப்போம். 1651-ல் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில், மறைந்துள்ள புறச்சமயத்திற்குத் 'திறந்த கதவு' என்று பொருள்படும் பெயருடன் டச்சு மொழி நூலொன்று அச்சேறிற்று. ஆக்கியோன் ஆபிரகாம் ரொகேரியுஸ். 1630-களில் பழவேற்காட்டு ஒல்லாந்தரிடையே ஊழியஞ்செய்த பாதிரியார். அவருக்குச் செய்தி கூறியவருள் முதல்வர் பத்மநாபன் என்னும் பிராமணர். இருவரும் உரையாடியதோ போர்த்துக்கேய மொழியில்! அந்நூல் 1663-ல் ஜெர்மன் மொழியிலும், 1670-ல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்ந்து ஐரோப்பாவிற் பரவிற்று.

ஆயினும் பாதிரியார் மீது நாம் பழி சுமத்தோம். சோழமண்டலக் கரைப் பிராமணரின் வாழ்க்கையும் வழிபாடும் பற்றியது இந்நூல் என முகப்புப் பக்கத்திலேயே அவர் நூல் ஒளியாது அறிவிக்கின்றது. 'பிராமணர்' என்ற சொல்லை மறைத்து, 'தமிழர் அனைவர்' என்று மாற்றி முழங்குவோர் நம்மவரே. முகப்புப் பக்கத்தை மட்டும் படித்திருந்தாலும் இப்பொய் பிழைத்திராது.

உழுதவன், நெய்தவன், வலை வீசியவன் கதை எங்கே? அதே நூற்றாண்டில், அதே கரையில், பஞ்சத்தால் விலைப்பட்ட ஏழைகள் அடிமைகளாய்ப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் ஹேக் நகர ஆவணக் காப்பகத்திலே ஒல்லாந்தக் கும்பினியின் கடிதக் கட்டுகளில் உள்ளன. கப்பலேறி வந்தவர் வழித்தோன்றல்களாகிய நமக்கு அவர்கள் அன்னியரா?

கப்பற் கூலி இல்லை என்ற சாக்கும் இன்று செல்லாது. முன்னாளில், அயல்நாட்டுப் புத்தகசாலையின் அரிய நூற்பிரிவிலே, எழுதுகோல் விலக்கிப் பென்சில் மட்டும் பிடித்துப் பார்க்கவேண்டியிருந்த இவ்வேடுகளிற் பல, படமெடுக்கப்பட்டு வீட்டிலிருந்தே காணக் கிடைக்கின்றன. எஞ்சிய பூட்டு ஒன்றே: பழைய டச்சு மொழி. மலாக்காவில் ஒல்லாந்தர் கட்டிய செந்நிற மாளிகை முன் நின்று படம் பிடிக்கின்றோம். அவர் எழுதியதைப் படிக்க ஒருவரையேனும் பயிற்றினோமா?

சங்கத் தலைவர்களே! மாலைக்கும் மேளத்திற்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுள் கூர்மதி உடையார் இருவரை டச்சு மொழி கற்க அனுப்புங்கள். பிறர் சொன்னதைக் கேட்டுக் கைதட்டுவோன் என்றும் பிறர்க்கு அடிமை. தானே படித்தவனே தன் வரலாற்றுக்கு உடையவன்.