உடைந்த பாண்டத்தின் சாட்சி



கோலார் தங்கவயலைச் சேர்ந்த நமக்குத் தங்கத்தின் தடயம் நன்கு தெரியும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மேடுகளோ இன்றும் குன்றுகளாய் நின்று, அங்கே நடந்த வேலையைச் சொல்லுகின்றன. உப்பு அப்படியல்ல, அது கரைந்துபோகும். அப்படியானால் ஆதிகாலத்து மனிதர் உப்பெடுத்ததை ஆய்வாளர் எவ்விதம் அறிகிறார்கள்?

உடைந்த மண்பாண்டங்களைக் கொண்டே அறிகிறார்கள். பல்கேரியா தேசத்தில் புரோவாடியா என்னும் ஊரருகே உவர்நீர் ஊற்றுகள் இருந்தன. ஏறக்குறைய கி.மு. 5500-ல் அங்கே வாழ்ந்தவர்கள் அந்நீரை மண்பாத்திரங்களில் ஊற்றி, அடுப்புகளில் வைத்துக் காய்ச்சினார்கள். நீர் வற்றியபின் உப்புக் கட்டி மிஞ்சிற்று. இவ்விதமாய் உப்புக் காய்ச்சிய பல இடங்களில், கட்டியை எடுப்பதற்காகப் பாத்திரத்தையே உடைத்தார்கள். உப்பு மறைந்தது, ஓடுகள் சாட்சியாய் நிற்கின்றன. நம் தேசத்திலும், குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்துப் பாத்ரி கிராமத்தில் ஹரப்பா காலத்தவர் உப்பெடுத்திருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புரோவாடியாவுக்குச் சமீபமான வார்னா நகரில் 1972-ல் பழங்காலக் கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 6 கிலோ பொன் ஆபரணங்கள் இருந்தன. உலகில் கிடைத்த மிகப் பழைய பொன்வேலைகளில் அவையும் சேரும். அந்தச் செல்வம் உப்பு வாணிபத்தால் வந்தது என்பது புரோவாடியாவை அகழ்ந்த வசில் நிகோலோவின் கருத்து. பொன்னை இன்று அருங்காட்சியகத்தில் வியக்கிறார்கள். அதற்கு விலையான உப்பை ஒருவரும் காண்பதில்லை.

அதிகாலை இருட்டில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கச் செல்லும் சகோதரனே, அந்நகரிலேயே குடியேறிவிட்ட சகோதரியே, "தகப்பன்மார் பொன்னெடுத்தார்கள், நமக்கோ ஒன்றும் மிஞ்சவில்லையே" என்று கலங்குகிறீர்களோ? மலைப்பிரசங்கத்திலே ஆண்டவர் தம்முடைய சீஷரைப் பொன்னுக்கு அல்ல, உப்புக்கே ஒப்பிட்டார் (மத்தேயு 5:13). பெருநகரில் நாம் கண்ணுக்கு மறைந்துபோகலாம், அது தோல்வியல்ல. கரையாத உப்பு உணவுக்கு ருசி தருவதில்லை. ஆனால் சாரத்தை இழக்கலாகாது. பிழைப்புக்காக ஜெபத்தையும், உண்மையையும், பிறந்த ஊரின் பெயரையும் மறைப்போமானால் அதுவே இழப்பு.

பூமியின் ஆழத்தில் உழைத்துத் தேகம் உடைந்த தகப்பன்மாரும் அந்தப் பாண்டங்களைப் போன்றவர்களே. இன்றிரவு குடும்ப ஜெபத்தில், உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்து, தாத்தாவின் சாட்சியைச் சொல்லுங்கள்.

கர்த்தர் தாமே நம்மைச் சாரமுள்ளவர்களாய்க் காப்பாராக. ஆமென்.